அந்தியேட்டி மலரில் ஒரு விண்கலம்

நான் விஞ்ஞானக் கதை எழுதுகிறேன் என்று சொன்னால் யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் புளியங்கூடலில் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. "எத்தினையாம் வகுப்புக்கு?" என்றுதான் கேட்பார்கள். விஞ்ஞானம் என்றால் டியூசன். ஒருமுறை ஒரு தாய் இரண்டு பெண்பிள்ளைகளைச் சைக்கிளோடு எங்கள் படலையில் இறக்கிவிட்டு, பின்னேரம் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டே போய்விட்டார். அந்தப் பிள்ளைகளுக்கு ஒளித்தொகுப்புப் படிப்பித்து, பிளேன்ரீயும் பிஸ்கட்டும் கொடுத்து அனுப்பினேன். கதை எழுதி விற்பது ஒரு தொழில் என்று விளங்கப்படுத்துவதைவிட ஒளித்தொகுப்பை விளங்கப்படுத்துவது சுகம்.

இங்கே நான் சொல்ல வந்தது எழுதத் தொடங்கியதைப் பற்றி அல்ல, விற்கத் தொடங்கியதைப் பற்றி. எழுதுவதற்கு ஒரு பேனையும் கொஞ்சம் திமிரும் காணும். திமிர் எனக்குப் பிறவியிலேயே இருந்தது. விற்பதற்குத்தான் நாய்படாப்பாடு பட்டேன்.

அப்போது நான் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். கலியாணம் கட்டவில்லை, கட்டும் உத்தேசமும் இல்லை. அம்மா இறந்து சில வருடங்களாகியிருந்தன. வீட்டில் நானும் அப்பாவும்தான். அப்பா காலி நகரப் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். எங்கள் தீவுப் பக்கத்து வியாபாரிகள் பலரையும் போல, பாதி ஆயுளைத் தெற்கே கடையின் காசுப் பெட்டியடியில் கழித்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர். கடை போய் எவ்வளவோ காலம் ஆகியும் அவருடைய மூளை பெட்டியடியை விட்டு எழும்பவில்லை. கோயிலுக்குப் போனாலும் பூசை எப்படி என்று சொல்லமாட்டார், கடலைக்காரனுக்கு இன்றைக்கு நல்ல வியாபாரம் என்றுதான் சொல்லிக்கொண்டு வருவார்.

அண்ணை கொழும்பில் இரும்புக் கடை போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுத்தால் ஒரே பாட்டுத்தான். "வீட்டைப் பூட்டிப்போட்டு ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ. தங்கச்சி வந்து பெட்டியடியிலை இருக்கட்டும். எனக்கும் நம்பிக்கையான ஒரு ஆள் வேணும்." அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் பகல் முழுக்க ஆணியும் பிணைச்சலும் விற்றுவிட்டு வந்து நான் ஒரு வரிகூட எழுதப்போவதில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் போக விருப்பமில்லை. அப்பாவிடம் அப்படியே சொன்னேன்.

அப்பா கோபிக்கவில்லை. சரக்கின் தரம் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "கதை எழுதுறது பிழையெண்டு நான் சொல்லேல்லை பிள்ளை. விக்குதோ எண்டுதான் கேக்கிறன். விக்காத சாமானை எத்தினை காலத்துக்கு றாக்கையிலை வைச்சிருக்கிறது?"

"விக்கும்."

"அப்ப சரி. வாற சித்திரை வருசம் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ளை ஒரு கதையை வித்துக் காட்டு. இல்லாட்டிப் பேசாமல் கொழும்புக்கு வெளிக்கிடுவம்."

நானும் வீராப்பாகத் தலையாட்டிவிட்டேன். என் கதைகள் போன வேகத்தில் திரும்பி வருவது எனக்கு மட்டும்தானே தெரியும். கொழும்புப் பத்திரிகை ஒன்று, 'செவ்வாய்க் கிரகத்தில் பவுசரில் குடிதண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார்களா? கொஞ்சம் நம்பும்படியாக எழுதுங்கள்' என்று பதில் போட்டிருந்தது. எங்கள் கிணறுகளில் பாதி உவர். குடிதண்ணீர் பவுசர் லொறியில்தான் வருகிறது, நாங்கள் கானோடு வரிசையில்தான் நிற்கிறோம். பூமியிலேயே இப்படியென்றால் செவ்வாயில் என்ன, வீட்டுக்கு வீடு குழாயா பூட்டியிருப்பார்கள்? சென்னை இதழ் ஒன்று என் பாத்திரங்களுக்கு உயிர் இல்லை என்றது. மற்ற இதழ்கள் பதிலே போடவில்லை. நான் அவர்களை மனதுக்குள் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது.

பகலில் ஊர்காவற்றுறையில், இறங்குதுறைக்குப் போகிற வழியில் உள்ள ஒரு கடையில் வேலை செய்துகொண்டிருந்தேன். போட்டோக்கொப்பி, போனுக்கு ரீலோட், கலியாணக் காட் எல்லாம் அங்கே நடக்கும். கடைக்காரி ஓர் அக்கா. கத்தோலிக்கர், புருசன் கடற்றொழிலாளி. சிரித்தால் இறங்குதுறை வரைக்கும் கேட்கும். எங்கள் கடைக்கு உண்மையில் சோறு போட்டது கல்வெட்டுத்தான். கல்லில் வெட்டுவதல்ல, அது ஒரு சின்னப் புத்தகம். எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவருடைய படம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், தேவாரம் எல்லாம் சேர்த்து அச்சடித்து, சாப்பிட வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். இப்போது நினைவு மலர் என்று நாகரிகமாகச் சொல்வதும் உண்டு. அதைத் தட்டச்சுச் செய்து பக்கம் அமைப்பது என் வேலை. அச்சடிப்பது யாழ்ப்பாணத்தில்.

இந்தப் புத்தகங்களில் ஒரு தொல்லை, பக்கங்கள் நாலு நாலாகத்தான் ஏறும். குடும்பம் தந்த விசயம் முடிந்த பிறகும் கடைசியில் பக்கம் மிஞ்சும். வெறுமையாக விட்டால் சாவீட்டுக்காரர் கோபிப்பார்கள். அதனால் பாம்பு கடித்தால் செய்யவேண்டிய முதலுதவி, ஒடியற்கூழ் செய்முறை, பல்லி விழும் பலன் என்று எதையாவது போட்டு நிரப்புவோம். தகப்பனை நினைத்து அழுதுகொண்டு பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கத்தில் கூழுக்கு எத்தனை நண்டு என்று இருக்கும். யாரும் அதைப் பிழையாக எடுத்ததில்லை. பலர் கல்வெட்டைப் பத்திரமாக வைத்திருப்பதே கூழுக்காகத்தான் என்று அக்கா சொல்வார்.

சோளகக் காற்று வீசிக்கொண்டிருந்த நாட்களில் அனலைதீவிலிருந்து ஒரு கல்வெட்டு வேலை வந்தது. காலமானவர் அனலைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே வருடக்கணக்கில் பயணிகள் வள்ளம் ஓட்டியவர். பிள்ளைகள் ரொறன்ரோவில். மூத்த மகள் எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, மிச்சப் பக்கத்துக்குப் பல்லியும் பாம்பும் வேண்டாம், அப்பாவுக்குப் பிடித்த மாதிரி ஏதாவது போடுங்கள் என்று குரல்பதிவும் அனுப்பியிருந்தா. அவருக்கு என்ன பிடிக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? நான் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அக்கா எட்டிப் பார்த்தார்.

"உம்மடை கதை ஒண்டிலை ஒரு கிழவன் ஆகாயத்திலை வள்ளம் ஓட்டுறான் எல்லே. அதைப் போடுமன்."

"அக்கா, அது வியாழக் கிரகத்திலை நடக்கிற கதை."

"எங்கை நடந்தா என்ன. அந்தாளும் வள்ளம் ஓட்டி, இந்தாளும் வள்ளம் ஓட்டி. பக்கமும் சரியாய் வருதோ பாரும்."

பக்கம் சரியாகத்தான் வந்தது. வியாழனைச் சுற்றும் இரண்டு நிலவுகளுக்கு இடையில் ஆட்களை ஏற்றி இறக்கும் கிழவனைப் பற்றிய கதை அது. புயல் நாளொன்றில் எல்லாரும் ஓட்டத்தை நிறுத்திவிட, பிள்ளைப்பேற்று நோவோடு நிற்கும் ஒருத்தியை ஏற்றிக்கொண்டு அவன் மட்டும் புறப்படுவான். மகளுக்கு அனுப்பிக் கேட்டோம். 'நல்லாயிருக்கு, போடுங்கோ' என்று பதில் வந்தது. கல்வெட்டில் அந்தமாதிரிப் பக்கங்களுக்கு எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லை. கூழ் செய்முறைக்கு யார் பெயர் போடுகிறார்கள்? என் பெயர் இல்லாமலே கதை அச்சேறியது.

அந்தியேட்டிக்குப் புத்தகக் கட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க நான்தான் வள்ளம் ஏறினேன். கடல் அடித்த அடியில் கட்டுகளைப் பொலித்தீனால் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டு போனேன். கிரியை முடிந்து பந்தி தொடங்குமுன் புத்தகங்களைக் கொடுத்தார்கள். நான் ஒரு மூலைக் கதிரையில் இருந்து எல்லாருடைய முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அச்சில் வந்த என் முதல் கதை. 

காலமானவரின் தங்கச்சிக்காரி, எழுபது தாண்டிய மனுசி, கண் தெரியாததால் பேத்தியை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். வரலாறு முடிந்தது, புலம்பல் முடிந்தது, பேத்தி மூச்சுவிடாமல் என் கதைக்குள் இறங்கிவிட்டாள். பிள்ளை பிறக்கிற இடத்தில் மனுசி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வாசித்து முடிந்ததும் மனுசி பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்:

"அண்ணை வள்ளம் ஓட்டினது எனக்குத் தெரியும். உவ்வளவு தூரம் ஓட்டினவர் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை."

பக்கத்தில் இருந்தவர் நிதானமாகத் தலையாட்டினார். "வெளியாலை சொல்லுற பழக்கம் அவருக்கு இல்லைத்தானே."

எங்களுக்குக் கல்வெட்டில் இருப்பதெல்லாம் காலமானவரைப் பற்றியதுதான், அது உண்மையும்தான். அங்கே கற்பனை இருக்கும் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஊரில் பாதிச் சனம் பெயரே வாயில் நுழையாத இடங்களில் இருக்கும்போது வியாழன் மட்டும் என்ன தூரம்? ஒருவர் என்னிடமே வந்து, அங்கே பிறந்த அந்தப் பிள்ளை இப்போது எங்கே இருக்கிறது, சடங்குக்கு அறிவித்தீர்களோ என்று கேட்டார். தொடர்பு இல்லையாம் என்று சொல்லிவிட்டுப் பாயாசத்தைக் குடித்தேன்.

விசயம் ரொறன்ரோவுக்குப் போய்விட்டது. மகள் போன் எடுத்தபோது பேச்சு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டே காதில் வைத்தேன். "மாமி சொன்னதை நினைச்சு நாங்கள் நாலு பேரும் சிரிச்சுச் சிரிச்சு அழுதனாங்கள்," என்றா. "செத்த வீட்டுக்குப் பிறகு இண்டைக்குத்தான் நாங்கள் சிரிச்சது. அப்பா உப்பிடித்தான், ஒரு புயலுக்கும் வள்ளத்தை நிப்பாட்டமாட்டார். இங்கை எங்கடை சினேகிதி ஒருத்தியின்ரை தாயும் காலமாயிட்டா. அவவுக்கும் ஒண்டு எழுதித் தருவீங்களோ? காசு அனுப்புவினம்."

இப்படித்தான் நான் காலமானவர்களை விண்வெளிக்கு அனுப்பும் தொழிலுக்கு வந்தேன். மார்கழி பிறக்குமுன் தீவுகள் எங்கும் பெயர் போய்விட்டது. நெடுந்தீவில் மாடு வளர்த்த ஒருவரைச் சனியின் வளையத்தில் மாடு மேய்க்க விட்டேன். குடும்பத்தவர்களோடு போனில் கதைத்து, அவர் எதற்குக் கோபிப்பார், எதை ஒளித்துவைத்துச் சாப்பிடுவார் என்றெல்லாம் கேட்டுக்கொண்டுதான் எழுதுவேன். நல்ல மனிதர், தங்கமானவர் என்று தொடங்குகிறவர்களிடம், தங்கத்தை வைத்துக் கதை எழுதேலாது, ஏதாவது குழப்படி சொல்லுங்கோ என்பேன். ஒரு குடும்பம் பேரப்பிள்ளைகள் அத்தனை பேரையும் விண்கலத்தில் ஏற்றச் சொன்னது. இன்னொரு குடும்பம், காணிச் சண்டை போட்ட சித்தப்பாவை எக்காரணம் கொண்டும் ஏற்றவேண்டாம் என்றது. ஊர்காவற்றுறையில் ஒரு கத்தோலிக்க வீட்டில், விண்கலம் ஞாயிற்றுக்கிழமை ஓடக்கூடாது, பூசைக்கு நிற்கவேண்டும் என்றார்கள். நிறுத்தினேன். அந்த நிறுத்தத்தால்தான் கதையே நன்றாக வந்தது என்பதை அவர்களுக்குச் சொல்லவில்லை.

எனக்குத் தலைகால் தெரியவில்லை. அப்பாவுக்கு முன்னால் போய் நின்று, "பாத்தீங்களோ, விக்குது," என்றேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "உது வியாபாரமில்லை பிள்ளை. மொய். சாவீட்டுக்காரர் பந்தலுக்குக் குடுக்கிறது போலை உனக்கும் குடுக்கினம். தங்கடை தகப்பன் அதுக்குள்ளை நிக்கிறபடியாலைதான் வாங்கினம். கதையிலை ஒரு ஒட்டும் இல்லாதவன், உன்னையும் தெரியாதவன், கதைக்காகவே வாங்கவேணும். அதுதான் விக்கிறது."

எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குக் கறிக்கு உப்பை அள்ளிப் போட்டேன். அவர் அதற்குத் தயிரை விட்டுச் சாப்பிட்டார். கோபம் வந்ததற்குக் காரணம் அவர் சொன்னது சரி என்பதுதான். என் உள்மனதிலும் அதுதான் அரித்துக்கொண்டிருந்தது. இதழ்களுக்கு நான் அனுப்பிக்கொண்டேதான் இருந்தேன். பதில் வருவதும் வராததும் முன்பு போலத்தான். தைப்பொங்கல் போனது. அண்ணை கொழும்பில் எங்களுக்கென்று மேல்மாடி அறையைத் துப்புரவாக்கிவிட்டதாகச் சொன்னார். வெள்ளை பூசியாயிற்று என்றார். அந்த அறையை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது.

மாசி மாதம் ஒரு காலை அப்பா விறாந்தைக் கதிரையில் இருந்தபடி கூப்பிட்டார். "எனக்கும் ஒண்டு எழுது."

"என்ன?"

"கல்வெட்டுக் கதை. ஊரிலை எல்லாருக்கும் எழுதுறாய். எனக்கு எழுதேக்கை நான் இருக்கமாட்டன், எப்பிடி வாசிக்கிறது? இப்பவே எழுது. என்ன விலை?"

மற்றவர்களுக்குச் சொல்லும் விலையைச் சொன்னேன். "உயிரோடை இருக்கிறவனுக்குக் குறைக்கமாட்டியோ?" என்று பேரம் பேசினார். குறைக்கமாட்டேன் என்றேன். முகம் மலர்ந்துவிட்டது, நான் பேரத்துக்கு இளகாதது அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

மற்றக் குடும்பங்களிடம் கேட்ட மாதிரி இவரைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கடையில் இல்லாத சாமானை யாராவது கேட்டால் அப்பா ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லையாம். "நாளைக்கு வரும்" என்பாராம். வராது என்று தெரிந்தாலும் அப்படித்தான். அம்மா இதைச் சொல்லிச் சொல்லியே அவரைப் பகிடி பண்ணுவா. அதைப் பிடித்துக்கொண்டேன். சூரியனே ஒரு புள்ளியாகத் தெரியும் தூரத்தில் ஒரு குடியிருப்பு. அங்கே ஒரேயொரு கடை. பூமியிலிருந்து இனிக் கப்பல் வராது என்ற செய்தி கடைக்காரருக்கு மட்டும் கிடைக்கிறது. அவர் அதை யாருக்கும் சொல்லவில்லை. விதை கேட்டால் நாளைக்கு வரும், மருந்து கேட்டால் நாளைக்கு வரும். சனம் நம்பி, வரும்வரைக்கும் என்று தாங்களே விதை பொறுக்கி, மருந்து காய்ச்சி, ஒருவருக்கொருவர் கொடுத்து வாழப் பழகிவிடுகிறது. ஒருநாள் சின்னப் பெண் ஒருத்தி கடைக்கு வந்து, கப்பல் வராது என்பது தங்களுக்கும் எப்போதோ தெரியும் என்கிறாள். பிறகேன் கேட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்றால், நீங்கள் அதைச் சொல்வதைக் கேட்கத்தான் என்கிறாள்.

மற்றவர்களைப் போல அவரைத் தங்கமாக்கவில்லை. கஞ்சத்தனம், பொய், தராசைப் பார்க்கும்போது பாடுகிற கரகரப்பான பாட்டு எல்லாவற்றையும் போட்டேன். அச்செடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். தேங்காய் துருவினேன், வெங்காயம் உரித்தேன், வேண்டாத சட்டியையெல்லாம் கழுவினேன். பொறுக்கமுடியாமல் எட்டிப் பார்த்தபோது அப்பா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார், வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

"என்ன மனுசன்ரா இவன்!" என்று திடீரென்று சத்தம் போட்டார். "சனத்துக்கு உண்மையைச் சொல்லவேணும். கடைக்காரன் எண்டா ஒரு நேர்மை வேண்டாமோ?"

நான் கதவோடு நின்று சிரித்துவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்னை யாரென்று யோசிக்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு தாளைப் பார்த்தார். தான் யாரில் கோபித்தார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சொக்கை இரண்டும் சிவந்துவிட்டன.

"நடுவிலை மறந்துபோனன்," என்றார். "அது நான் எண்டதும் மறந்துபோச்சு, நீ எழுதினது எண்டதும் மறந்துபோச்சு." கடைசிப் பக்கத்தை இன்னொருதரம் வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்தார், கண்ணையும் துடைத்தார். பிறகு தாள்களை அடுக்கி என் கையில் வைத்தார். "இதைக் கல்வெட்டிலை போடாதை. உன்ரை பேரைப் போட்டு வெளியாலை அனுப்பு. எனக்கு ஒரு தேவாரம் காணும்." பேசிய விலையை அப்படியே எண்ணித் தந்தார். வேண்டாம் என்றதற்குக் கோபித்தார்.

அந்தக் கதையைப் பிறகு வாங்கியது, என் பாத்திரங்களுக்கு உயிர் இல்லை என்ற அதே சென்னை இதழ்தான். அதன்பின் இலண்டன், ரொறன்ரோ என்று வாங்குகிறவர்கள் வந்தார்கள். இப்போது இதுதான் என் தொழில். கல்வெட்டுக் கதைகளும் எழுதுகிறேன், விட மனம் வரவில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு நடந்தது. அந்தச் சித்திரை வருசம் பிறப்பதற்கு முதல் ஞாயிறு வரைக்கும் எங்கிருந்தும் ஒரு பதிலும் வந்திருக்கவில்லை. நான் துணிமணிகளை மடித்து ஒரு பெட்டியில் வைக்கத் தொடங்கியிருந்தேன். என் சத்தமெல்லாம் அடங்கிப்போயிருந்தது.

அண்ணை போன் எடுத்தார். அப்பா விறாந்தையில் இருந்து கதைத்தார், காது மந்தம் என்பதால் போனைச் சத்தமாக வைத்திருப்பார், அண்ணையின் குரல் குசினி வரைக்கும் கேட்டது. எந்தக் கிழமை வெளிக்கிடுகிறீர்கள், வாகனம் அனுப்பவா என்று கேட்டார்.

"ஏலாது தம்பி," என்றார் அப்பா. "அவள் கதையை வித்துப்போட்டாள். சொன்னால் சொன்னதுதானே."

"வித்துப்போட்டாளோ? ஆர் வாங்கினது?"

"ஆரோ ஒரு கிழவன். எங்களுக்குப் பழக்கமில்லாத ஆள்."

நான் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படியில் குந்திவிட்டேன். சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்பா போனை வைத்துவிட்டு, வாங்கின ஆளுக்கு ஒரு தேத்தண்ணி கிடைக்காதோ என்று சத்தம் போட்டார்.